உண்ட சோறு உடலில் சேரும் வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்கடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னே நடந்து நாகப்பட்டினம் துறைமுகத்தை அடைந்து, அங்கே கப்பலேறி மலேயாவின் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் போய்ச் சேர்ந்த தமிழ்க் கூலிகளைப் பற்றி எழுதப்பட்டிருப்பவற்றில் அவர்களுடைய துயரமே பெரும்பகுதியாக இடம்பெற்றிருக்கிறது, அது நியாயமே. ஆயினும் அவர்களுடைய சரித்திரத்தில் வைத்திய சாஸ்திரத்துக்கு வெளிச்சம் காட்டிய அத்தியாயம் ஒன்றும் உண்டு. அக்காலத்தில் மலேயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும், சரீரம் வீங்கும், கடைசியில் இருதயம் ஓய்ந்துவிடும். அதே சீதோஷ்ணத்தில், அவர்களைவிட மேலான குடிசையோ கூலியோ இல்லாமல் வாழ்ந்த தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் தீண்டவேயில்லை. அங்கே வைத்திய அதிகாரியாக இருந்த லெனார்ட் பிராடன் என்பவர் இதைக் கவனித்து, சீனர் உண்டது யந்திரத்தில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி என்பதையும், தமிழர் உண்டது ஊரில் உண்ட அதே புழுங்கலரிசி என்பதையும் எடுத்துக்காட்டி 1907இல் ஒரு நூலே வெளியிட்டார். சேமித்து வைத்த பச்சரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று அவர் சொன்ன காரணம் பிழையாயிற்று. ஆனால் அவர் கண்ட காட்சி பிழையன்று. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தபோதும், பிறகு பிரேசரும் ஸ்டான்டனும் ஜாவானியத் தொழிலாளரிடையே அதே சோதனையை நடத்தியபோதும், பச்சரிசி உண்டவர்களிடமே நோய் தலைகாட்டியது.

உண்பது ஒன்று, உடலில் சேர்வது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. இரு சாராரும் வயிறு நிறைய அரிசியே உண்டார்கள். இரு சாராருடைய இரைப்பையும் குடலும் ஒரே அமைப்புடையவைதாம். சீரணம் என்ற காரியத்தை வாயில் தொடங்கி மலவாயில் முடிவதாக எழுதும் பாடப்புத்தக முறை, உடற்கூற்றை மனப்பாடம் செய்வதற்கு வசதியானதாக இருக்கலாம். நெல் விளையும் நாட்டில் மனிதர் எப்படிப் போஷிக்கப்படுகிறார்கள் என்று அறிய விரும்புகிறவருக்கு அது போதாது. தானியத்துக்கு வாய்க்கு வருமுன் என்ன செய்யப்பட்டது, அதனோடு என்ன சேர்ந்தது, அது போய்ச் சேர்ந்த குடல் என்ன நிலையில் இருந்தது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றிக் காவிரிக் கரையின் சோற்றைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் கட்சி.

டெல்டாக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு நெல் அவித்த காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு ஓரிரு நாள் ஊறப்போடுவார்கள். இரண்டாம் நாள் அந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பும் புளித்த வாடை தெருக்கோடி வரையில் வீசும். பின்பு அண்டாவின் அடியில் சிறிது தண்ணீர் வைத்து, ஊறிய நெல்லை நிரப்பி, வாயைச் சாக்கினால் மூடி, உமியையோ விறகையோ எரித்து அவிப்பார்கள். ஆவி அடியிலிருந்து மேலேறி, மேல்நெல் வாய் பிளக்கத் தொடங்கியதும் அண்டாவை இறக்கிக் களத்தில் கொட்டிவிட, பெண்கள் காலால் துழாவிக் கோடு கோடாகக் கிளறிக் காயவிடுவார்கள். நெல் ஒன்றை எடுத்து உமியை உரித்து, நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதும், காய்ந்த பதத்தைப் பல்லில் கடித்துப் பார்த்து அறிவதும் அவர்களுக்குக் கைவந்த கலை. அந்த வெள்ளைப் புள்ளி நின்றால், வெப்பமும் நீரும் மணியின் நடுவரை போகவில்லை, அங்கே மாச்சத்து இன்னும் பச்சையாகவே இருக்கிறது என்று பொருள்.

இந்த அவியலில் நடப்பது என்ன? நெல்மணியின் ஜீவசத்துக்கள், முக்கியமாகத் தயமின் என்னும் பி1, மேலுறையான தவிட்டிலும் முளையை ஒட்டிய பகுதியிலும் குவிந்திருக்கின்றன. ஊறும்போதும் அவியும்போதும் அவை நீரில் கரைந்து மணியின் உள்ளே இறங்கிவிடுகின்றன. ஆதலால் பிறகு ஆலையில் தவிட்டை எவ்வளவு உரித்தெடுத்தாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. தயமினை அரிசித் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் 1926இல் பட்டேவியாவில் வேலை செய்த யான்சன், டோனாத் என்னும் டச்சு விஞ்ஞானிகள். அதன் ரசாயன அமைப்பைக் கண்டு 1936இல் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், நம் பக்கத்து நெல்லூரில் பிறந்தவர். இந்தச் சத்து எதற்கு வேண்டும் என்றால், மாச்சத்தை எரித்துச் சக்தியாக்கும் வினைக்கே வேண்டும். எனவே சோறு அதிகம் உண்பவனுக்குத் தயமினும் அதிகம் வேண்டியிருக்கிறது. தீட்டிய பச்சரிசியை மட்டும் வயிறு நிறைய உண்டவன், தேவையைப் பெருக்கிக்கொண்டே வரவைக் குறைத்துக்கொண்டான். குன்னூர் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையின் தலைவராக இருந்த ஐக்ராய்டு, தம் சகாக்களுடன் இந்தியாவின் அரிசிப் பிரச்னையைப் பற்றி 1940இல் வெளியிட்ட ஆய்வில், ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில் பச்சரிசி உண்ணும் மக்களிடையே பெரிபெரி காணப்படுவதையும், புழுங்கல் உண்ணும் தமிழ்ப் பிரதேசத்தில் அது அரிதாயிருப்பதையும் எடுத்துக்காட்டினார். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டிவிடும் வழக்கத்தால் நீரில் கரையும் சத்துக்கள் பெரிதும் போய்விடுகின்றன என்பதும் அவர்கள் வற்புறுத்தியதே. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த ஏழைக் குடும்பம், சாதத்தில் மட்டும் கை வைத்த வீட்டைவிட இந்த ஒரு விஷயத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது.

இனி வாய்க்கு வருவோம். உமிழ்நீரில் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருள் உண்டு என்று 1831இல் லாயக்ஸ் என்ற ஜெர்மானியர் காட்டினார். அமிலேஸ் என்னும் இந்த நொதியை உண்டாக்கும் ஜீன் சிலரிடம் சில பிரதிகளாகவும் சிலரிடம் பல பிரதிகளாகவும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாச்சத்து மிகுந்த ஆகாரம் உண்ட ஜனங்களிடம் பிரதிகள் சராசரியாக அதிகம் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றுக் கவளம் வாயில் தங்கும் நேரம் மிகச் சொற்பம். ஆகையால் உமிழ்நீரின் வேலை பெரும்பாலும் இரைப்பைக்குள் போன பிறகு, அங்குள்ள அமிலம் கவளத்தின் உள்வரை ஊடுருவும் வரையில்தான் நடக்கிறது.

இரைப்பையைப் பற்றிய நமது அறிவின் பெரும்பகுதி ஒரு விபத்தினால் கிடைத்தது. 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கூலியாள் மீது துப்பாக்கி தவறி வெடித்து, காயம் ஆறியும் இரைப்பையில் ஒரு துவாரம் மூடாமல் நின்றுவிட்டது. அவனுக்குச் சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட், அந்தத் துவாரத்தின் வழியே ஆகாரங்களை நூலில் கட்டி உள்ளே இறக்கியும் வெளியே எடுத்தும் பல ஆண்டுகள் பரீட்சித்து, 1833இல் தம் நூலை வெளியிட்டார். நோயாளியின் சம்மதம், மரியாதை ஆகியவற்றைப் பற்றி இக்காலத்து அளவுகோலால் பார்த்தால் அந்தச் சம்பந்தம் முழுவதும் உவப்பானதன்று. ஆயினும் அவர் தயாரித்த பட்டியலைக் காவிரிக் கரையில் இருப்பவர் பார்த்தால் ஒரு சந்தோஷம் உண்டாகும்: இரைப்பையை மிக விரைவில் கடப்பவற்றின் வரிசையில் ஒரு மணி நேரம் என்ற கணக்கோடு வேகவைத்த அரிசி நிற்கிறது, பொரித்த பன்றி மாமிசமும் வாட்டிய மாட்டிறைச்சியும் வெகுதூரம் கீழே இருக்கின்றன. விரைவில் கடப்பது நல்லதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருவோம்.

இரைப்பையின் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று 1824இல் பிரவுட்டும், புரதத்தைப் பிளக்கும் பெப்சினை 1836இல் ஷ்வானும் கண்டார்கள். இவ்வளவு கடுமையான திரவம் தன்னைத் தாங்கும் பையையே ஏன் தின்றுவிடுவதில்லை என்ற கேள்விக்கு, உட்சுவரின் சளிப்படலமும் இடைவிடாமல் புதுப்பிக்கப்படும் செல்களும் விடையாகின்றன. அந்தக் காவல் தளரும்போது புண் உண்டாகிறது. தென்னிந்தியாவில் இந்தப் புண் ஒரு பழைய வழக்கு. எவரெஸ்ட் ஏறும் முயற்சியில் பங்குகொண்ட ஹோவர்ட் சாமர்வெல், பிறகு தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மருத்துவமனையில் சத்திர வைத்தியராக அமர்ந்து, முன்சிறுகுடல் புண்ணுக்காக எண்ணற்ற அறுவைகள் செய்தவர். அரிசியும் மரவள்ளியும் மிகுந்த ஏழை ஆகாரம் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் வருவதைக் குன்னூரில் மக்காரிஸன் கண்டிருந்தார். கோதுமை உண்ணும் வடக்கில் புண் குறைவு, அரிசி உண்ணும் தெற்கில் அதிகம் என்ற வேற்றுமை, காரத்தின் மேலும் புளியின் மேலும் மாறி மாறிப் பழிபோடப் பலருக்கு இடம் கொடுத்தது. 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் இப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகு, மிளகாய்க்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அக்கிருமி வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒருபோலவே பரவியிருக்கிறது. ஆகவே ஆகாரத்துக்கும் இதில் ஏதோ பங்குண்டு என்று மைசூரில் பணிபுரிந்த பிராங்க் டோவி நெடுங்காலம் வாதித்துவந்ததை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

இரைப்பை ஒரு தயாரிப்பு அறை மாத்திரமே. அதை வெட்டி எடுத்துவிட்டாலும் மனிதன் பிழைத்திருக்கலாம். சிறுகுடல் இல்லாமல் உண்டு பிழைக்க இயலாது. இரைப்பைக் குழம்பு அமிலத்தோடு முன்சிறுகுடலில் இறங்கியவுடன், அந்தச் சுவரிலிருந்து செக்ரெட்டின் என்னும் ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து கணையத்துக்குச் செய்தி சொல்ல, கணையம் தன் காரநீரைப் பொழிகிறது. 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்ட இந்த விந்தையே ஹார்மோன் என்ற கருத்துக்குப் பிறப்பிடம். கணைய நீர் மாச்சத்தைச் சிறு சிறு துண்டங்களாக வெட்டுகிறது. கடைசி வெட்டு குடற்சுவரின் மேலேயே, அங்கே பதிந்திருக்கும் நொதிகளால் நிகழ்ந்து, குளுக்கோஸ் பிறக்கிறது.

இவ்விடத்தில், சிறுகுடலை வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குள் பாயும் காவிரியோடு ஒப்பிடுவது நம் மேடைப் பேச்சாளர்களுக்குப் பிரியமான வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கியமான இடத்தில் அது வழிதவறச் செய்கிறது. கல்லணையிலிருந்து கடைமடைக்குத் தண்ணீர் தானாகவே தாழ்வை நோக்கிப் போகிறது. குடலிலோ, உள்ளே குளுக்கோஸ் குறைந்துபோய் ரத்தத்தில் மிகுந்திருக்கும் தறுவாயிலும், மிச்சமிருக்கும் கடைசித் துளி வரையில் அது மேட்டை நோக்கி ஏற்றப்படுகிறது. இதற்கு விலை உண்டு. குடற்செல் ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளித் தன்னுள் அதைக் குறைவாக வைத்துக்கொள்கிறது. உள்ளே வரத் துடிக்கும் சோடிய அணுக்கள் இரண்டுக்கு ஒரு குளுக்கோஸ் என்ற விகிதத்தில், ஒரே வாசலில் இரண்டும் சேர்ந்துதான் நுழைய முடியும். 1960இல் பிராகா நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் இந்தக் கருத்தை முதலில் வெளியிட்டபோது அதன் பயன் எவ்வளவு தூரம் போகும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

காலரா கண்டவனுடைய குடல் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் அந்த வாசல் மட்டும் பழுதுபடாமல் இருக்கிறது. அதன் வழியே உப்பும் சர்க்கரையும் போனால் தண்ணீரும் பின்தொடர்கிறது. 1971இல் கிழக்கு வங்க அகதிகளால் நிரம்பிய பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். நம் கிராமத்துப் பாட்டிமார் வயிற்றுப்போக்குக்கு உப்பிட்ட கஞ்சி கொடுத்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. குளுக்கோஸை அதிகமாகக் கரைத்தால் அதுவே குடலுக்குள் நீரை இழுத்துவிடும். கஞ்சியில் உள்ள மாச்சத்தோ பெரிய மூலக்கூறாக இருந்து சிறிது சிறிதாகவே குளுக்கோஸை விடுவதால் அந்த அபாயம் இல்லை. டாக்காவில் அரிசி மாவைக் கொண்டு உப்புநீர் தயாரித்துக் காலரா நோயாளிகளிடம் சோதித்து வெற்றி கண்டார்கள். பாட்டிமாருக்குச் சோடியம் தெரியாது, பத்தியம் தெரியும்.

ஒரு நாளில் குடலுக்குள் இறங்கும் நீரைக் கணக்கிட்டால், நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் எனச் சரீரமே சுரப்பது சுமார் 7 லிட்டர். இவ்வொன்பதில் மலத்தோடு போவது கால் லிட்டர்கூட இல்லை. இவ்வளவையும் மீட்கும் பரப்பைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாக டென்னிஸ் மைதானத்தின் அளவு என்று எழுதிவந்தன. 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் குடற்சுவரின் உறிஞ்சிகளையும் நுண்ணுறிஞ்சிகளையும் புதிதாக அளந்து, ஏறக்குறைய 30 சதுர மீட்டர்தான் என்று திருத்தினார்கள். அந்த அளவே போதும் என்பதுதான் வியப்பு.

புரதத்தையும் கொழுப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்புப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. சாம்பார் சாதத்தில் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கொழுப்பு மட்டும் தனிவழி போகிறது. நல்லெண்ணெயோ நெய்யோ பித்தநீரால் நுண்துளிகளாகச் சிதறி, கணைய நொதியால் பிளவுபட்டு, செல்லுக்குள் போனபின் மறுபடி கொழுப்பாகச் சேர்ந்து, ரத்தத்தில் கலவாமல் நிணநீர்க் குழல்களில் ஏறிக் கழுத்தடியில் பெருஞ்சிரையை அடைகிறது. 1622இல் இத்தாலியின் காஸ்பர் அசெல்லி, சற்றுமுன் உண்ட ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றிப் பால் நிறைந்த வெண்ணாளங்களைக் கண்டார். அவர் கண்டது இக்கொழுப்பையே.

குடல் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டே இதுவரை பேசிவந்தோம். அது எப்போதும் உண்மையன்று. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒரு விசித்திர நோய் கொள்ளைநோய்போல் பரவியது: ஓயாத வயிற்றுப்போக்கு, மிதக்கும் கொழுப்பு மலம், ரத்தசோகை, எலும்புந்தோலுமான மெலிவு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும், அவருக்குப் பின் வி. ஐ. மாத்தனும், வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் இந்த நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். அதைவிட முக்கியமாக அவர்கள் கண்டது ஒன்றுண்டு. நோயே இல்லாத, தம்மை ஆரோக்கியசாலிகள் என்று நினைத்திருந்த தென்னிந்தியர்களின் சிறுகுடற் சுவரிலும், உறிஞ்சிகள் மேல்நாட்டாருடையவைபோல விரல்விரலாக நீண்டிராமல் குட்டையாகவும் இலைபோல் அகன்றும் இருந்தன. உறிஞ்சும் திறனும் சற்றுக் குறைவு. இது பிறப்பால் வந்ததன்று; அசுத்தமான நீரோடும் மண்ணோடும் ஓயாமல் கிருமிகளை உட்கொள்வதால் சுவர் எப்போதும் லேசாக அழன்றுகொண்டே இருக்கிறது என்பதே இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம். குழந்தை வளராமல் நிற்பதற்கு ஆகாரக் குறைவை மட்டும் காரணம் காட்டிவந்த நாம், ஊட்டிய சோற்றில் ஒரு பங்கு வாசலிலேயே திருப்பப்படுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆற்று நீரும் குளத்து நீரும் குடித்து வளர்ந்த டெல்டாவில், குழாய்நீரும் கழிப்பறையும் போஷாக்கு இலாகாவின் விஷயங்களாகவே கருதப்படத் தக்கவை.

இரும்புச்சத்திலும் இதே கதைதான், வேறு வடிவத்தில். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு, மாமிசத்திலுள்ள இரும்பைப்போல எளிதில் உள்ளே போவதில்லை. சிறு துணை கிடைத்தால் சேரும், சிறு பகை வந்தால் நின்றுவிடும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணை. பகை எது என்றால், கும்பகோணத்தார் மன்னிக்க வேண்டும், காப்பி. 1983இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், உணவோடு அருந்திய ஒரு கோப்பைக் காப்பி இரும்பு சேர்வதை 39 சதவிகிதமும், தேநீர் 64 சதவிகிதமும் குறைத்தன. உண்பதற்கு ஒரு மணி முன்பு குடித்த காப்பியால் தீங்கில்லை. உண்டு ஒரு மணி கழித்துக் குடித்ததோ உணவோடு குடித்ததற்குச் சமமாகவே கெடுத்தது. சாப்பாடானதும் டிகிரி காப்பி என்ற நியமத்தை, அதிகாலைக் காப்பியோடு நிறுத்திக்கொள்ளும்படி ரத்தசோகையுள்ள பெண்களிடம் சொல்லும் டாக்டர்கள் இன்னும் அதிகமாக வேண்டும்.

சிறுகுடல் கைவிட்டதைப் பெருங்குடல் ஏற்றுக்கொள்கிறது. பெருங்குடலை வெறும் கழிவுக் கிடங்காக எண்ணிய காலம் போய்விட்டது. வெந்த சோறு ஆறும்போது, அதிலுள்ள அமைலோஸ் என்னும் நீள்சங்கிலி மாச்சத்து மீண்டும் இறுகி, நொதிகளால் எளிதில் வெட்ட முடியாததாகிறது. இவ்வாறு சிறுகுடலைத் தப்பி வரும் மாச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து, பியூட்டிரேட் முதலான குறுங்கொழுப்பமிலங்களாக்குகின்றன. பெருங்குடற் செல்களுக்கு அதுவே பிரதான ஆகாரம், சோடியத்தையும் நீரையும் மீட்கவும் அதுவே தூண்டுகோல். இந்த உண்மையை வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் காலரா சிகிச்சையில் பயன்படுத்தினார்கள். வழக்கமான உப்புநீரோடு சீரணமாகாத மக்காச்சோள மாச்சத்தை லிட்டருக்கு 50 கிராம் சேர்த்துக் கொடுத்தபோது நீரிழப்புக் குறைந்தது, போக்கும் விரைவில் நின்றது என்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பழுதுபட்ட சிறுகுடலுக்குப் பெருங்குடல் கைகொடுத்த கதை அது.

பழையதைப் பற்றிப் பேச இதுவே தக்க இடம். இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தால், விடிவதற்குள் லாக்டிக் அமிலக் கிருமிகள் அதைப் புளிக்கவைத்துவிடுகின்றன. நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்டு, நீராகாரத்தைக் குடித்து, உச்சிவெயில் வரையில் வயலில் நின்றார்கள். இறுகிய மாச்சத்து, புளிப்பு, உப்பு, தாராளமான நீர் ஆகியவை ஒரே சட்டியில் இருந்தன. அண்மையில் இதற்கு ஒரு மறுவாழ்வு வந்திருக்கிறது; சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில், குடல் அழற்சி நோயாளிகளிடம் இதன் பயனைச் சோதிக்கும் ஆராய்ச்சியைத் தமிழக அரசின் நிதியோடு மேற்கொண்டார்கள். இதெல்லாம் வரவேற்கத்தக்கது. ஆனால் பழையதில் இரும்புச்சத்து ஒரே இரவில் இருபது மடங்காகப் பெருகுகிறது என்று பத்திரிகைகளிலும் சமையற் குறிப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தியை நம்புவதற்கில்லை. இரும்பு ஒரு தனிமம். எந்தக் கிருமியாலும் அதை உண்டாக்க முடியாது. இரும்பைக் கட்டி வைத்திருக்கும் பைட்டிக் அமிலத்தைப் புளிப்பு அவிழ்த்துவிடலாம், அதனால் இருக்கிற இரும்பு சற்று அதிகமாகச் சேரலாம். அதுவும் தீட்டிய அரிசியில் அந்த அமிலமும் கொஞ்சம், இரும்பும் கொஞ்சம். நல்ல பொருளுக்குப் பொய்ச் சான்று தேடுவது அப்பொருளுக்கே அவமதிப்பு.

அரிசி இரைப்பையைச் சீக்கிரம் கடக்கிறது என்று முன்பு கண்டதை இனி வேறு கண்ணால் பார்க்க வேண்டும். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் கிளைசீமிக் குறியீடு என்ற அளவையைக் கொண்டுவந்தார். ஓர் ஆகாரம் ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதே அது. நன்கு தீட்டிய பச்சரிசி அதில் உயரத்தில் இருக்கிறது. காலையிலிருந்து சேற்றில் நின்றவனுக்கு வேகமாக வந்த சர்க்கரை தசையில் எரிந்துபோயிற்று. நடவு யந்திரமும் அறுவடை யந்திரமும் வந்துவிட்ட பிறகு, அதே அளவுச் சோற்றை உண்டு நாற்காலியில் உட்காருகிறவனுக்கு அது எங்கே போகும்? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நகரவாசிகள் உண்ணும் கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. அதை அதிகம் உண்டவர்களிடம் நீரிழிவும் அதிகமாக இருந்தது.

இதற்கு விடை தேடுகிறவர்கள் தஞ்சை மண்ணிலேயே இருக்கிறார்கள். 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சிறு பரிசோதனைச் சாலையாகத் தொடங்கி, நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாகத் தஞ்சாவூரில் வளர்ந்து, இன்று நிஃப்டெம் என்று வழங்கும் நிறுவனத்தில், இரைப்பையையும் சிறுகுடலையும்போல அசைந்து பிசையும் செயற்கைச் சீரண யந்திரம் ஒன்றை அமைத்து, அரிசி எவ்வளவு வேகத்தில் குளுக்கோஸாகிறது என்று மனிதர் உதவியின்றியே பார்க்கிறார்கள். 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களை வளர்க்கிறவர்களுக்கும் இது பொருளுள்ள கேள்வி. அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரி உதிரியாக வேகிறது, ஆறினால் விறைக்கிறது, மெதுவாகவே சீரணமாகிறது. அமைலோஸ் குறைந்தது குழைகிறது, மெத்தென்றிருக்கிறது, விரைந்து சர்க்கரையாகிறது. உதிரியான சோற்றை விரும்பிப் புது அரிசியைத் தள்ளிவைத்து, ஓராண்டு பழகிய அரிசியைக் கேட்டு வாங்கிய தஞ்சை ரசிகர்களின் நாக்கு இந்த விஷயத்தில் கணையத்துக்கு விரோதமாக இருக்கவில்லை.

அவியலும் இதே பக்கமே நிற்கிறது. ஊறி அவிந்து காயும்போது மாச்சத்து ஒருமுறை குழைந்து மறுபடி இறுகிவிடுவதால், அதே ரகத்தின் பச்சரிசியைவிடப் புழுங்கல் பொதுவாக மெதுவாகவே சர்க்கரையை விடுகிறது. குறுவையும் சம்பாவும் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் அளக்கப்பட்டு, ஆலைகளில் பெரும்பாலும் புழுங்கலாக அரைக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு முதல் ரேஷன் கடையில் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் வரும் நாற்றத்தையும் பழுப்பையும் குறைசொல்லி, அதை மாட்டுக்கு வைத்துவிட்டு, லேசாக ஆவி காட்டிப் பளிங்குபோல் தீட்டிய ஸ்டீம் அரிசியைக் கடையில் மூட்டையாக வாங்கும் குடும்பங்கள் டெல்டாவில் இன்று ஏராளம். நாற்றம் மெய்தான், நெடுநேரம் தேங்கிய நீரில் ஊறியதனால் வருவது அது. சுமார் 70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரத்திலேயே ஊறவைத்து எடுக்கும் முறையினால் அதை நீக்கிவிடலாம் என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. ஆலைகள் அதை ஒழுங்காகச் செய்து, தீட்டுவதையும் ஓரளவோடு நிறுத்தினால், ரேஷன் அட்டைக்குக் கிடைக்கும் அரிசி, அதை ஒதுக்குபவர் காசு கொடுத்து வாங்குவதைவிடத் தயமினிலும் மேலானதாக, சர்க்கரையிலும் சாந்தமானதாக இருக்கும்.